ஸ்லாட் மெஷின் காப்புரிமையை "இது யாருக்கும் தோன்றியிருக்குமே" என்று எதிர்ப்பது எப்படி

காசு போட்டால் சின்னங்கள் வரைந்த ரீல்கள் சுழன்று நின்று பரிசு உண்டா இல்லையா என்று காட்டும் சூதாட்ட எந்திரம்தான் ஸ்லாட் மெஷின். அதற்கான காப்புரிமை (பேட்டன்ட்) ஒன்றைக் கையில் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு? சுழலும் ரீல் பழசு, கம்ப்யூட்டர் பழசு, போனஸ் கொடுப்பது அதைவிடப் பழசு." சரிதான், ஆனால் அதை மட்டும் வைத்து எந்த வழக்கும் ஜெயிக்காது, ஏனென்றால் எந்தக் கண்டுபிடிப்பைப் பிரித்துப் போட்டாலும் உள்ளே பழைய சாமான்தான் இருக்கும். அந்தச் சாமான்களை இந்த மாதிரிதான் சேர்க்க வேண்டும் என்று, அந்தக் காலத்தில், அந்தத் தொழிலில் இருந்த ஒரு சாதாரண ஆளுக்குத் தோன்ற என்ன காரணம் இருந்தது? நீதிபதி கேட்கப் போவது இதைத்தான். நீங்கள் செய்யும் மற்ற வேலையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்காகத்தான்.

இந்த மெஷின்களைப் பற்றிய பெரிய சண்டைகள் பல அமெரிக்காவில் நடந்தவை, அதனால் அந்த நாட்டுச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். அங்கே பிரிவு 102 புதுமை பற்றியது. ஒரே பழைய ஆவணத்தில் எல்லாமே இருந்தால் அதோடு காப்புரிமை காலி. அந்த மாதிரி அதிர்ஷ்டம் அடிப்பது அபூர்வம். இரண்டு மூன்று ஆவணங்களை ஒட்ட வேண்டியிருந்தால் பிரிவு 103, அதாவது எளிதில் தோன்றக்கூடியதா என்ற கேள்வி. இதை எப்படிப் பார்ப்பது என்று 1966-ல் கிரஹாம் எதிர் ஜான் டியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: முன்பே இருந்தது என்ன, அதற்கும் இப்போது கேட்பதற்கும் வித்தியாசம் என்ன, துறையின் சாதாரண ஆளுக்கு எவ்வளவு திறமை, அப்புறம் விற்பனை மாதிரியான வெளியுலகச் சான்றுகள். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

முதலில் க்ளெய்மை, அதாவது எது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதியைப் படியுங்கள். படங்கள், முன்னுரை, "இந்தக் கண்டுபிடிப்பின் நன்மைகள்" எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். எண் போட்டு வரிசையாக இருக்கும் அந்த நீளமான வாக்கியங்கள்தான் வேலி, மற்றதெல்லாம் வேலிக்குள் இருக்கும் நிலத்தைப் பற்றிய வர்ணனை. க்ளெய்ம் 1-ஐ எடுத்து அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டித் துண்டு துண்டாக எழுதுங்கள். விளக்கத்துக்காக நானே ஒன்றைக் கற்பனை செய்து சொல்கிறேன்:

அ. பந்தயப் பணம் ஏற்கும் கருவி
ஆ. பல ரீல்களைக் காட்டும் திரை
இ. தற்செயல் எண்ணை எடுத்து முடிவைத் தீர்மானிக்கும் ப்ராசஸர்
ஈ. குறிப்பிட்ட சின்னம் விழுந்தால் சுழலும் போனஸ் சக்கரம்
உ. ஆட்டக்காரர் வைத்த பந்தயம் கூடக் கூட அந்தச் சக்கரத்தில் பரிசுக் கட்டங்களின் எண்ணிக்கையும் கூடுவது

அ முதல் ஈ வரை யாரும் சண்டை போடப் போவதில்லை, போர்க்களம் உ மட்டும்தான். நிஜக் காப்புரிமையிலும் அநேகமாக இப்படித்தான் இருக்கும், ஒரே ஒரு துண்டில் உயிர் இருக்கும், மற்றவை உடம்பு. அந்தத் துண்டை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டால் பாதித் தேடல் மிச்சம்.

இன்னொரு விஷயம், "இன்னின்ன வேலையைச் செய்வதற்கான சாதனம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் நின்று கவனியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் அந்த மாதிரி வார்த்தை போட்டால், காப்புரிமைக்குள் விவரித்திருக்கும் குறிப்பிட்ட வழிமுறைக்கும் அதற்குச் சமமானதற்கும் மட்டுமே உரிமை கிடைக்கும். கம்ப்யூட்டர் என்றால் உள்ளே சொல்லியிருக்கும் அல்காரிதம்தான் எல்லை. அல்காரிதமே எழுதவில்லை என்றால்? 2008-ல் அரிஸ்டோகிராட் எதிர் ஐஜிடி வழக்கில் (இரண்டும் ஸ்லாட் மெஷின் தயாரிப்பாளர்கள்) அதுதான் நடந்தது. "ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்" என்று க்ளெய்மில் இருந்தது, அதை எப்படிச் செய்வது என்று உள்ளே எதுவும் இல்லை, க்ளெய்ம் தெளிவில்லாதது என்று, காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் நீதிமன்றமான ஃபெடரல் சர்க்யூட் தள்ளிவிட்டது. பழைய ஆவணம் ஒன்றைக்கூடத் தேட வேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்தது தேதி. காப்புரிமை மனு எப்போது போடப்பட்டது, அதற்கு முந்தைய மனு ஏதாவது இருந்து அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்து, அந்தத் தேதியைக் காகிதத்தின் தலையில் பெரிதாக எழுதி வையுங்கள். அமெரிக்காவில் 2013 மார்ச் 16 ஒரு கோடு. அன்றைக்கோ அதற்குப் பிறகோ போட்ட மனுக்களுக்கு மனுத் தேதிதான் கணக்கு. அதற்கு முந்தையவற்றில் "நான் இதை அதற்கும் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்று பின்னோக்கி இழுக்க இடமிருக்கிறது. தேதியை எழுதியதும் அதற்குப் பிறகு நீங்கள் பார்த்த எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். சொல்வது சுலபம். இன்றைய திரையில் பத்து விதமான போனஸ் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 1990-ல் எது தெரிந்திருக்கும் என்று யோசிப்பது, விடை தெரிந்த விடுகதையைத் தெரியாத மாதிரி கேட்பது போலத்தான்.

சரி, பழைய சான்றுகள். இந்தத் துறையில் இதற்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. மெஷின் ஊரறிய கேசினோவில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்ற காகிதம் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் பார் ஷீட் என்று ஒன்று உண்டு. எந்தச் சின்னம் எத்தனை தடவை வரும், எவ்வளவு திருப்பிக் கொடுக்கும் என்ற முழுக் கணக்கும் அதில்தான் இருக்கும். தயாரிப்பாளர்கள் அதை ரகசியமாக வைத்துக்கொள்வதால், தேதி எவ்வளவு பழையதாக இருந்தாலும் "பிரசுரிக்கப்பட்ட ஆவணம்" என்று காட்டுவது பெரும்பாடு. அதனால் வேறு இடங்களில் தோண்டுங்கள்: பழைய காப்புரிமைகள், வெளியே கிடைத்த பராமரிப்புக் கையேடுகள், தொழில் பத்திரிகைகள், வர்த்தகக் கண்காட்சியில் கொடுத்த பட்டியல்கள். கண்காட்சி என்றதும் "அது வியாபாரிகளுக்கு மட்டும்தானே, பொதுமக்களுக்கு இல்லையே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2018-ல் கோப்ரோ எதிர் கான்டூர் வழக்கில் இதே கேள்வி வந்தது. டீலர்கள் மட்டும் வந்த ஒரு கண்காட்சியில் கொடுத்த கேட்டலாக், ஆக்‌ஷன் கேமரா பற்றியது, அதுவும் பிரசுரம்தான் என்று ஃபெடரல் சர்க்யூட் ஏற்றுக்கொண்டது. ஆகவே பழைய கேட்டலாக் எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள்.

வேறு துறைச் சான்றையும் கொண்டுவரலாம், ஆனால் கண்டபடி முடியாது. அதே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது கண்டுபிடித்தவர் எதிர்கொண்ட பிரச்சினைக்கு உதவக்கூடியதாக இருக்க வேண்டும். வீடியோ கேம், லாட்டரி, பிங்கோ எல்லாம் பெரும்பாலும் தாராளமாக உள்ளே வரும். தையல் மெஷினைக் கொண்டுவந்தால் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

துறையின் சாதாரண ஆள் யார் என்பதை இரண்டு வரியில் முடிக்கலாம். இன்ன படிப்பு, மெஷின் வடிவமைப்பில் இத்தனை வருட அனுபவம் என்று ஒரு நிபுணர் சாட்சி சொல்வார், எதிர்த்தரப்பு நிபுணர் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். ஆளின் திறமையை உயர்த்தினால் எல்லாமே எளிதில் தோன்றக்கூடியதாகிவிடும், தாழ்த்தினால் எதுவுமே தோன்றாது, சண்டையின் காரணம் அவ்வளவுதான். இந்தத் துறையில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: அந்த ஆளுக்கு நிகழ்தகவுக் கணக்கும் தெரியுமா, இல்லை மோட்டாரும் வயரிங்கும் மட்டும்தானா? கீழே வரும் கதையைப் படித்தால் ஏன் கேட்கிறேன் என்று புரியும்.

இங்கே டெல்னேஸ் என்பவரின் ஸ்லாட் மெஷின் காப்புரிமையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், 1984-ல் கிடைத்தது, எண் 4,448,419. பழைய மெஷினில் மூன்று ரீல், ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தம், அதாவது ரீல் நிற்கக்கூடிய 22 இடம், என்று வைத்துக்கொள்ளுங்கள். 22-ஐ மூன்று தடவை பெருக்கினால் 10,648. ஜாக்பாட்டுக்கு ஒரே ஒரு சேர்க்கைதான் என்றால் 10,648-ல் ஒரு வாய்ப்பு. ஒரு டாலர் பந்தயத்துக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று பலகை மாட்டினால் கேசினோ திவாலாகிவிடும். பெரிய பரிசு வேண்டுமென்றால் ரீலைப் பெரிதாக்க வேண்டும் அல்லது நான்காவது ஐந்தாவது ரீல் சேர்க்க வேண்டும், ஆனால் ரீல் கூடினால் வாய்ப்பு குறைகிறது என்பது ஆட்டக்காரருக்கே கண்ணால் தெரியும், அவர் பக்கத்து மெஷினுக்குப் போய்விடுவார். டெல்னேஸ் செய்தது இதுதான்: ரீல் நிற்கும் இடத்தை ஒரு தற்செயல் எண் தீர்மானிக்கட்டும், ஆனால் எண்கள் நிறுத்தங்களைவிட அதிகமாக இருக்கட்டும். 22 நிறுத்தத்துக்கு 64 எண் என்று வையுங்கள். வெற்றுக் கட்டங்களுக்குப் பல எண்களை ஒதுக்கி, ஜாக்பாட் சின்னத்துக்கு ஒன்றே ஒன்றைக் கொடுத்தால், 64-ஐ மூன்று தடவை பெருக்கி 2,62,144-ல் ஒரு வாய்ப்பு. கண்ணுக்குத் தெரிவது அதே 22 நிறுத்தம், அதே மூன்று ரீல்.

இன்றைக்குப் பார்த்தால் நாலு வரி புரோகிராம். தற்செயல் எண்ணும் ப்ராசஸரும் ரீலும் அப்போதே இருந்தவைதான். இந்தக் காப்புரிமை பின்னால் ஐஜிடி கைக்கு வந்து, டபிள்யூஎம்எஸ் நிறுவனத்தோடு நடந்த வழக்கில் அதன் செல்லுபடியும் கேள்விக்கு வந்தது. 1999-ல் ஃபெடரல் சர்க்யூட், செல்லாது என்று நிரூபிக்கப்படவில்லை என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டது. அதே தீர்ப்பில்தான், முன்னே சொன்ன "சாதனம் என்றால் உள்ளே இருக்கும் அல்காரிதம்" என்ற விதியும் வந்தது, அதனால் டபிள்யூஎம்எஸ்-இன் மெஷின் எழுத்துக்கு எழுத்து மீறவில்லை, சமமானது என்ற வகையில்தான் மீறியது என்று முடிந்தது. அந்தச் சண்டை 2007-க்குப் பிறகு வந்திருந்தால் இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் கண்ணில் தெரியும் ரீலையும் கணக்கில் இருக்கும் ரீலையும் வேறு வேறாக வைக்கலாம் என்ற யோசனையை ஒரு மோட்டார் ஆள் தானாக எட்டியிருப்பார் என்று என்னால் சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. நிகழ்தகவு தெரிந்த ஆள் என்றால் ஒருவேளை.

2007-ல் என்ன மாறியது? கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ், கார் ஆக்சிலரேட்டர் பெடல் பற்றிய வழக்கு. அதற்கு முன்னால், இரண்டு ஆவணங்களைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பு எங்காவது இருக்கிறதா என்று ஃபெடரல் சர்க்யூட் ரொம்ப இறுக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. சாதாரண ஆள் என்றால் சொன்னதை மட்டும் செய்யும் எந்திரம் இல்லை, அவருக்கும் சாதாரண அளவு கற்பனை உண்டு. தெரிந்த பொருட்களைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த விளைவே வந்தால் அது தோன்றக்கூடியதாகத்தான் இருக்கும் என்றது. அதே ஆண்டில் லீப்ஃப்ராக் எதிர் ஃபிஷர்-ப்ரைஸ் வழக்கில், பழைய மெக்கானிக்கல் பொம்மையை எலக்ட்ரானிக்ஸுக்கு மாற்றுவது சகஜமாகிவிட்ட வேலை என்று ஃபெடரல் சர்க்யூட் அந்தக் கற்றல் பொம்மைக் காப்புரிமையைத் தள்ளியது. ஸ்லாட் மெஷினை எதிர்ப்பவருக்கு இந்தத் தீர்ப்பு தங்கக் கட்டி, ஏனென்றால் இந்தத் துறையின் வரலாறே பாதிக்கு மேல் இரும்பிலிருந்து திரைக்கு மாறிய வரலாறு.

ஆனால் கேஎஸ்ஆர் வந்துவிட்டது என்று காரணம் எழுதாமல் விட முடியாது. நம் கற்பனைக் க்ளெய்முக்கே வருவோம். பழைய ஆவணம் ஒன்றில் ரீலும் போனஸ் சக்கரமும் இருக்கின்றன, அ முதல் ஈ வரை முடிந்தது. இன்னொரு ஆவணத்தில், பந்தயம் கூடினால் ஜெயிக்கும் வரிசைகள் கூடும் ஒரு மெஷின். கெட்ட வாதம் இப்படி இருக்கும்: "இரண்டும் சூதாட்ட மெஷின்கள், ஆகவே சேர்த்திருப்பார்கள்." இதைப் படிக்கும் நீதிபதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நல்ல வாதம் இரண்டாவது ஆவணத்தைத் திறந்து இன்ன பத்தி என்று காட்டும்: "ஆட்டக்காரர்கள் குறைந்தபட்சப் பந்தயத்திலேயே ஒட்டிக்கொள்கிறார்கள், அதற்கு மருந்தாகப் பந்தயத்துக்கு ஏற்ப வாய்ப்பைக் கூட்டுகிறோம் என்று இதிலேயே எழுதியிருக்கிறது. முதல் மெஷினுக்கும் அதே நோய். மருந்தைச் சக்கரத்தின்மேல் போட்டால் கூடுவது பரிசுக் கட்டங்கள்தான்."

இதோடு முடியவில்லை. முதல் ஆவணத்தின் சக்கரம் எதனால் ஆனது என்று படத்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்த நிஜச் சக்கரம் என்றால் அதில் கட்டங்களின் எண்ணிக்கை எப்படிக் கூடும்? இந்த இடத்தில்தான் பல எதிர்ப்பு மனுக்கள் கவிழ்கின்றன, இரண்டு ஆவணத்தை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் போய்விடுவார்கள். பள்ளத்தை மூட ஒரு படி வேண்டும்: அந்தத் தேதிக்கு முன்பே சக்கரத்தைத் திரையில் வரைந்த மூன்றாவது ஆவணம், அதோடு லீப்ஃப்ராக். அப்புறம் முதல் ஆவணத்தை எதிரியின் கண்ணால் ஒரு தடவை படியுங்கள். "சுற்றி நிற்பவர்களுக்கு நம்பிக்கை வர, சக்கரம் எல்லோருக்கும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று அதிலேயே எழுதியிருந்தால், அது உங்களுக்கு எதிரான சாட்சி. அந்த ஆவணம் வேறு திசையில் போகச் சொல்கிறது என்பார்கள், உங்கள் காரணம் அங்கேயே ஒடிந்துவிடும்.

பின்னறிவு உங்களை ஏமாற்றுகிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். க்ளெய்மை மூடி வைத்துவிட்டு, பழைய மெஷினையும் பிரச்சினையையும் மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை தீர்வு இருந்திருக்கும் என்று எழுதுங்கள். பரிசைப் பெருக்கலாம், கூடுதல் சுழற்சி கொடுக்கலாம், போனஸை அடிக்கடி வர வைக்கலாம், கட்டங்களைக் கூட்டலாம். நாலைந்துதான், எல்லாமே தெரிந்தவை, விளைவும் முன்கூட்டியே கணக்கிடக்கூடியது என்றால், "முயன்று பார்க்கத் தோன்றும்" என்ற கேஎஸ்ஆர் வாதம் கைகொடுக்கும். பட்டியல் முப்பதைத் தாண்டினால், அதில் இந்த ஒன்றையே ஏன் எடுத்திருப்பார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எதிர்த்தரப்பு தன் மூட்டையை அவிழ்க்கும். மெஷின் பிய்த்துக்கொண்டு போனது, போட்டியாளர்கள் காப்பியடித்தார்கள், பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினார்கள், வெகுகாலமாக யாராலும் முடியாததை நாங்கள் செய்தோம். இதை அலட்சியப்படுத்தாதீர்கள், நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டிய சான்றுகள் இவை. ஆனால் அந்த வெற்றிக்கும் க்ளெய்முக்கும் முடிச்சு இருக்க வேண்டும். மெஷின் ஓடியது கட்டங்கள் கூடியதாலா, மேலே பெரிதாக எழுதியிருந்த டி.வி. நிகழ்ச்சியின் பெயராலா, பாட்டாலா, வெளிச்சத்தாலா? இந்தத் துறையில் பெயருக்கே கூட்டம் வரும். அதே பெயர் மாட்டி உ இல்லாமல் வந்த மெஷினும் ஓடியிருந்தால், அந்த விற்பனைக் கணக்கைத் தேடி எடுங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

எங்கே போவது என்பது கடைசித் தீர்மானம். நீதிமன்றம் என்றால் தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும், இந்த உயர்ந்த அளவுகோலை 2011-ல் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐ4ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2012 செப்டம்பர் முதல் இன்னொரு வாசல் இருக்கிறது, காப்புரிமை அலுவலகத்திலேயே நடக்கும் இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ, சுருக்கமாக ஐபிஆர். அங்கே தராசு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும், ஏற்றுக்கொண்டால் ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு, தக்க காரணம் இருந்தால் இன்னும் ஆறு மாதம். ஆனால் காப்புரிமைகளையும் பிரசுரங்களையும் மட்டுமே காட்டலாம். கேசினோவில் நின்ற பழைய மெஷினே உங்கள் ஒரே சான்று என்றால் அந்த வாசல் உங்களுக்கு இல்லை, மெஷினின் கையேடு வெளியே கிடைத்திருந்தால் உண்டு. இது வெறும் ஆட்ட விதி, காப்புரிமைக்கே உரியதில்லை என்ற வாதமும் அங்கே எடுபடாது. சீட்டாட்டத்தின் புது விதி ஒன்று 2016-ல் அந்த வாதத்தில்தான் விழுந்தது, ஆனால் அது வேறு பாதை. உங்கள்மேல் வழக்குப் போட்டு நோட்டீஸ் வந்துவிட்டால் ஒரு வருடத்துக்குள் ஐபிஆர் மனு போட்டுவிட வேண்டும். அங்கே இறுதித் தீர்ப்பு வந்த பிறகு, அங்கே சொன்னதையும் சொல்லியிருக்கக்கூடியதையும் மறுபடி நீதிமன்றத்தில் தூக்கிக்கொண்டு வர முடியாது.

மனுவைக் கட்டி அனுப்பும் முன்னால் க்ளெய்ம் 1-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைப் படியுங்கள். ஒவ்வொரு க்ளெய்மும் தனித்தனியாக நிற்கும், தனித்தனியாக விழும். நீங்கள் 1-ஐ அடித்து நொறுக்கி முடித்திருப்பீர்கள், "க்ளெய்ம் 1-இல் சொன்ன மெஷின், அதில் கூடுதல் கட்டங்கள் வேறு நிறத்தில் ஒளிரும்" என்று க்ளெய்ம் 7 ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒரு பத்தியும் ஒரு பழைய ஆவணமும் நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள், உங்கள் மெஷினிலும் அந்தக் கட்டங்கள் வேறு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.